பதினேழாம் காற்றாலை

பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, தூத்துக்குடிக் கடற்கரையில் நிற்கும் காற்றாலைகளைக் கண்காணிப்பது மிருதுளாவின் வேலை. திரையில் ஒவ்வோர் ஆலையும் ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்தில் காற்றின் வேகம், விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எண்ணாக. ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள் ஏசி காற்றைத் தவிர வேறு காற்று வந்ததில்லை.

மகள் சுப்ரஜா பாய்மரப் படகுப் பயிற்சிக்கென்று அதே கரைக்குப் போனதிலிருந்து, பதினேழாம் ஆலை மிருதுளாவுக்கு மட்டும் தனிப்பட்டதாகிவிட்டது. படகுத்துறைக்கு மிக அருகில் நிற்பது அதுதான். காலையில் வந்ததும் அதன் எண்ணைத்தான் முதலில் பார்ப்பாள்.

"இன்னாக்கா, பொண்ணுக்கு அட்டெண்டன்ஸ் போட்டாச்சா?" என்று பக்கத்து நாற்காலி சுகுமார் கிண்டலடிப்பான். பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவன்.

சுப்ரஜாவிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். "உன் மெஷினுக்கு ஜாலிம்மா. காத்துக்கு நேரா மூஞ்சியத் திருப்பிண்டு நின்ன இடத்துலயே சுத்தும். நாங்க நேரா திருப்பினா பாய் தொய்ஞ்சு போட் நின்னுடும். எதிர்காத்துல இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு கோணல்மாணலாதான் போகணும்."

நேற்று வீடியோவில் உள்ளங்கையைக் காட்டினாள். பாய்க்கயிற்றைப் பிடித்துப் பிடித்துத் தோல் உரிந்திருந்தது.

"எதுக்குடி நாள் பூரா பிடிச்சுண்டு? எதுலயாவது கட்டி வெச்சுடேன்."

"கட்டினா கோச் திட்டுவார்மா."

"அவர் கையா எரியறது?"

சுப்ரஜா கையைப் பார்த்துக்கொண்டாள். "சரி, நாளைக்கு ரேஸ்ல கட்டிப் பாக்கறேன்."

இன்று மதியம் பதினேழின் எண் ஏறத் தொடங்கியது. பதினான்கு, பத்தொன்பது. இருபத்தைந்தைத் தாண்டியதும் புள்ளி சிவந்தது. இதற்கு மேல் சுற்றினால் உடையும் என்று ஆலை தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. கேமராவில் இறக்கைகள் மூன்றும் மெல்லத் திரும்பி, விளிம்பை மட்டும் காற்றுக்குக் காட்டின. காற்று அவற்றைப் பிடிக்க முடியாமல் வழுக்கிப் போனது.

"உஷார் பார்ட்டிக்கா இது," என்றான் சுகுமார்.

மிருதுளா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். படகில் காற்றை இப்படி நழுவவிடும் வேலையைச் செய்ய இருப்பது கை ஒன்றுதான். கயிற்றைத் தளர்த்தினால் பாய் படபடத்துக் காற்றை விட்டுவிடும். கட்டிய பாய் விடாது. படகைச் சாய்த்துவிடும். இத்தனை வருஷம் காற்றோடு பிழைப்பு நடத்துகிறவளுக்கு இது நேற்று ஏன் தோன்றவில்லை? உரிந்த தோல் மட்டும்தான் கண்ணில் பட்டது.

சுப்ரஜாவின் போன் அணைந்திருந்தது. ரேஸ் நாளில் எல்லாப் போன்களையும் வாங்கி வைத்துவிடுவார்கள். கோச் ஜேசனின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

விஷயத்தைக் கேட்டதும் சுகுமார் கிண்டலை விட்டான். "அது நூறு மீட்டர் மேல வீசுற காத்துக்கா. கீய அவ்ளோ இருக்காது."

இருக்காதுதான். ஆனால் கீழே எவ்வளவு என்று காட்டும் எண் இந்த அறையில் இல்லை. ஆலையை நிறுத்தப் பொத்தான் இருந்தது. காற்றை நிறுத்த இல்லை.

வேண்டிக்கொள்ளவும் கூசியது. என்னவென்று வேண்டுவது? நான் சொன்னதை அவள் கேட்காமல் போயிருக்கட்டும் என்றா? பதினாறு வருஷமாக, சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக் குறைப்பட்டது இந்தப் பெண்ணைப் பற்றித்தான்.

எண் இறங்கியது. இருபது. பதிமூன்று. புள்ளி பச்சையாகி, ஆலை மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

"பாத்தியாக்கா, ஓஞ்சிட்ச்சு."

அவள் கோச்சை மறுபடி அழைத்தாள். இந்த முறை எடுத்தார்.

"ஜேசன் சார், சுப்ரஜா அம்மா பேசறேன். அவ வந்துட்டாளா?"

"மேடம், எல்லாரும் வந்துகிட்டிருக்காங்க, எண்ணிகிட்டிருக்கேன். இன்னும் ரெண்டு போட் வரணும்."

"எந்த ரெண்டு சார்?"

அவர் ஏதோ சொன்னார். போனுக்குள் காற்று இரைந்தது. பத்து வருஷமாக எண்ணாகப் பார்த்துவந்த காற்று, இப்போது அவள் காதில் அறைந்து, அவர் சொன்ன பெயர்களை அடித்துக்கொண்டு போனது.

"சார், கேக்கல. எந்த ரெண்டு?"

அவர் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே ஓடுவது கேட்டது. மிருதுளா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். காற்று மட்டும் பேசிக்கொண்டிருந்தது.