மூன்றாம் ஓலை

வியாகுலமேரி சாகக்கிடந்த புருசனின் வாய்க்குள் விரலை விட்டுப் பல்செட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். வாசலில் பங்குச்சாமியாரின் பைக் வந்து நின்றது. மகள் இவாஞ்சலின் எதிர்கொள்ள ஓடினாள்.

காலையிலிருந்து அவன் ஒரே பிடிவாதம். "சாமி வரட்டும் வியாகுலம். எம்பேரு சேவியரு இல்ல, கர்ணன்னு சொல்லிட்டுத்தான் சாவேன். அந்தப் பயலத் தள்ளிவிட்டதையும் சொல்லணும்."

வருசநாட்டில் ஒருத்தனை வெட்டிவிட்டு, மலையேறி ஏலத்தோட்டத்தில் ஒளிந்தவன் கர்ணன். அங்கே நாதியற்ற சேவியரைப் பாறையிலிருந்து தள்ளி, பிணத்துக்குத் தன் சட்டையை மாட்டிவிட்டு, அவன் பெயரோடு இந்த ஊருக்கு இறங்கினான். கர்ணனின் பெண்டாட்டி கஸ்தூரி அந்தப் பிணத்தை எரித்துத் தாலியறுத்தாள். இவன் கோயிலில் வைத்து வியாகுலத்துக்குத் தாலி கட்டினான். ஒருநாள் போதையில் அவனே எல்லாவற்றையும் உளறியபோது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம். சேவியர், வியாகுலமேரி இவர்களின் மகள் என்று கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டியது பாக்கி. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லும் பாவம் வெளியே போகாதுதான். ஆனாலும் இதைக் கேட்டவர் எந்த வாயால் ஓலை வாசிப்பார்?

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா," என்றார் சாமியார்.

"பேச்சு குளறிப்போச்சு சாமி. நான் இருந்தாத்தான் புரியும்."

அவன் சாமியாரின் கையைப் பிடித்து இழுத்தான். பொக்கை வாயிலிருந்து எச்சிலும் காற்றுமாக வந்தது.

"என்ன சொல்றாரு?"

"மகளப் பாத்துக்கச் சொல்றாக."

அவன் அவளையே பார்த்தான். அவள் எச்சிலைத் துடைத்துவிட்டாள். சேவியர் என்று சொல்லி சாமியார் நெற்றியில் எண்ணெய் பூச வந்தபோது முகத்தைத் திருப்பினான். மோவாயைப் பிடித்து நேரே வைத்தாள்.

பொழுது சாயுமுன் போய்ச் சேர்ந்தான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அதற்காக வெட்கப்படவும் இல்லை.

மறுநாள் அவனைப் பெட்டிக்குள் வைத்த பிறகு, வெறுங்கழுத்தோடு ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கி வந்து நின்றாள். போன வாரம் அவன் போனில் யாரிடமோ கெஞ்சியது வியாகுலத்துக்கு இப்போதுதான் உறைத்தது.

"ஆளு மாறி வந்துட்டீக போல," என்றாள் வந்தவளிடம், எல்லோருக்கும் கேட்கும்படி.

அந்த அம்மாள் பெட்டிக்குள் வெகுநேரம் பார்த்தாள்.

"ஆமாத்தா. எம்புருசன நான் அப்பவே எரிச்சுட்டேன். இது வேற யாரோ."

வியாகுலத்துக்கு மூச்சு வந்தது. கும்பிடலாம் போலக்கூட இருந்தது.

அந்த அம்மாள் தள்ளாடிச் சுவரைப் பிடித்தாள். "தாயி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு." இவாஞ்சலின் எழுந்து அவளைக் கைத்தாங்கலாக அடுப்படிக்குக் கூட்டிப்போனாள்.

வியாகுலம் பதறி எழப்பார்த்தாள். துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கமாகத் தோளை அமுக்கினார்கள். "எங்கனக்கா போறீக? பொட்டிய விட்டு எந்திரிக்கக் கூடாது."

அடுப்படிக் கதவு திறந்தே கிடந்தது. இவாஞ்சலின் செம்பை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் செம்பை வாங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தாள்.