அட்டையின் பின்பக்கம் என் நம்பர்

என் வீட்டுக்காரருக்கு நாற்பத்துமூன்று வயதில் ஓட்டப் பைத்தியம் பிடித்தது. அந்த வயதில் ஆண்களுக்குப் பிடிக்கிற மற்றதையெல்லாம் யோசித்துப் பார்த்து, இது தேவலை என்று விட்டுவிட்டேன். நாலு வருஷத்தில் பதினான்கு மெடல். ஷோகேஸில் இருந்த என் பரிசுக் கோப்பைகளை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டு அங்கே வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார். ஓடி முடிக்கிற எல்லாருக்கும் அந்த மெடல் உண்டாம், கடைசியாக வந்தாலும் உண்டாம். அப்புறம் அதில் என்ன பெருமை என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். இரண்டு நாள் மனிதர் என்னோடு பேசவில்லை.

நாங்கள் விழுப்புரத்தில் இருக்கிறோம். அவர் வேங்கடேசன், மின்வாரியத்தில் வேலை. நான் புனிதா, வளவனூர் கூட்டுறவு வங்கியில் கவுன்ட்டரில் உட்காருகிறேன். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஓட்டக்காரர்கள் அறுபது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியானால் போதும், யார் எந்த ஊரில் எத்தனை நிமிஷத்தில் ஓடினார்கள் என்று கொட்ட ஆரம்பித்துவிடும். மெடலைப் பல்லால் கடித்துக்கொண்டு ஒரு போட்டோ கட்டாயம். என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு ஆசைதான். இருபத்தொரு கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நாலு வருஷமாக இரண்டு மணி ஆறு நிமிஷத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

பங்குனியில் திண்டிவனத்தில் ஒரு ஓட்டம் வைத்தார்கள். பிரம்மதேசம் போகிற ரோட்டில் பத்தரை கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். இவர் முதல் ஆளாகப் பேர் கொடுத்தார். ஓட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு முட்டி வீங்கிக்கொண்டது. ஒரு மாசம் ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை திண்டிவனம் போய், நெஞ்சில் குத்திக்கொள்கிற நம்பர் அட்டையை மட்டும் வாங்கி வந்தார். அப்படித்தான் நான் நினைத்தேன்.

அட்டை வீட்டுக்கே வரவில்லை. அதை அங்கேயே சுதாகரிடம் கொடுத்திருந்தார். சுதாகர் மரக்காணத்துப் பக்கம் கடல் தொழில் செய்கிறவன், முப்பத்துமூன்று வயது. குரூப்பில் இவருக்கு ரொம்ப நெருக்கம். எங்கள் வீட்டுக்கு வந்தால் கையில் வஞ்சிரமோ கொடுவாவோ இல்லாமல் வரமாட்டான். "அண்ணி, முள்ளு எடுத்துக் குடுக்கட்டுமா" என்று அடுப்படி வரைக்கும் வந்து கேட்பான். கடலுக்குப் போயிருந்த நேரத்தில் பேர் கொடுக்கிற கெடு முடிந்துவிட்டது என்று போன வாரம்தான் எங்கள் வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டே புலம்பினான். ஒருத்தர் அட்டையை இன்னொருத்தர் குத்திக்கொண்டு ஓடுவது தப்பு. தெரிந்தால் இரண்டு பேரையும் இனி எந்த ஓட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். அதனால் இவர் புத்திசாலித்தனமாக அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "யாரு கேட்டாலும் வேங்கடேசன்னு சொல்லு." அட்டையின் பின்பக்கம் பேர், வயசு, ரத்த வகை, ஆபத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர் எல்லாம் இவர் கைப்பட எழுதியிருந்தது. அந்த நம்பர் என்னுடையது.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்ததெல்லாம், இட்லிக்கு வேர்க்கடலை வறுத்து மல்லாட்டைச் சட்னி அரைத்திருந்தேன், இவர் முட்டிமேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு போனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

எட்டு ஐம்பதுக்கு எனக்கு ஒரு போன். தெரியாத நம்பர். ஒரு சின்னப் பெண்ணின் குரல், மூச்சு வாங்கியது.

"மேடம், வேங்கடேசன் சார் வீடுங்களா? சார் மயங்கி விழுந்துட்டாருங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம்."

"எந்த வேங்கடேசன்?"

"நாப்பத்தேழு வயசு மேடம். பி பாசிட்டிவ். நீங்க ஜல்தி வர முடியுங்களா?"

வயசு சரி, ரத்த வகையும் சரி. அதனால்தான் எனக்குச் சந்தேகம் உறுதியானது. வங்கிக்கு வருகிறவர்களிடம் நான் தினமும் ஓதுகிற பாடம் இது. மகனுக்கு ஆக்சிடென்ட், புருஷன் ஆஸ்பத்திரியில் என்று பதற வைப்பார்கள், எல்லா விவரமும் கையில் வைத்திருப்பார்கள், நம்பாதீர்கள். அனந்தபுரத்துக்காரர் ஒருத்தர் இப்படி ஏமாந்து போய் என் கவுன்ட்டர் முன்னால் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். என்னையே ஏமாற்றப் பார்க்கிறாளே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எம் புருஷன் எதிர்ல உக்காந்து அஞ்சாவது இட்லி துன்னுக்கினு கீறாரு. நீ வேணா உங்கப்பனக் கொண்டு போயி ஆஸ்பத்திரில சேரு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சொன்னதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. "ஏங்க, நீங்க ஆஸ்பத்திரியில கீறீங்களாம்" என்று இவரிடம் சொன்னேன். அவர் தலையைத் தூக்கவேயில்லை. "பிளாக் பண்ணு புனிதா, வேலையத்தவனுங்க" என்றார். அந்தப் பெண் இன்னும் மூன்று தடவை கூப்பிட்டாள். பிளாக் செய்தேன். சட்னி நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

பத்தரை மணிக்கு இவர் போன் அடித்தது. கையில் ஐஸ் ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். சுதாகரின் மனைவி தமிழ்மொழி.

"அண்ணே, முடிஞ்சதும் போன் பண்றேன்னாரு. மணி பத்தரை ஆவுது. அடிச்சுக்கினே இருக்குது, எடுக்க மாட்டேங்கறாரு. எனக்கு ஒரே பேஜாரா கீதுண்ணே."

"முடிச்சிட்டாம்மா, ரிசல்ட்டே வந்துடுச்சு. ஒரு மணி நாப்பத்திநாலு நிமிஷம். பசங்களோட எங்கனா டிபன் துன்னுக்கினு இருப்பான். நீ வைய்யி."

அவள் வைத்தாள். பேரே கொடுக்காதவனுக்கு எப்படி ரிசல்ட் வந்தது என்று எனக்கு உறைத்தது. இவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

குரூப்பை நடத்துகிற ராயப்பன் சார் ரிசல்ட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். வேங்கடேசன், 1:44:51. கீழே வாழ்த்து மேல் வாழ்த்து. 'சிங்கம் கெளம்பிடுச்சு', 'ரெண்டு மணிய ஒடச்சிட்டீங்களேண்ணே, பார்ட்டி எப்போ'. அன்றைக்குக் குரூப்பில் முக்கால்வாசிப் பேர் சென்னையில் வேறொரு ஓட்டத்துக்குப் போயிருந்ததால் இவர் திண்டிவனம் போகாதது யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு வாழ்த்துக்கும் இவர் கும்பிடு போட்டிருந்தார். கடைசியாக ஒரு வரி: 'எல்லாம் உங்க ஆசி.'

"இது யாரு ஓடினது?"

ஐஸ் பையை முட்டிமேல் திருப்பி வைத்தார்.

"அட்டையில பின்னாடி போன் நம்பர் எழுதுவீங்களே, யாரு நம்பரு எழுதுனீங்க?"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. முகம் வெளுத்துப்போனது. ஐஸ் பை நழுவித் தரையில் விழுந்தது. பிளாக் செய்த நம்பரை எடுத்து நானே அடித்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். அஸ்வினி என்று பேர் சொன்னாள். காலேஜ் பெண், ஓட்டத்தில் தண்ணீர் கொடுக்க வந்தவள்.

"சாருக்கு உசுரு இருக்குங்க மேடம். ஆனா மூளை குழம்பிப்போச்சுன்னு சொல்றாங்க. பேரு கேட்டா சரியா சொல்ல மாட்டேங்கறாரு."

வருகிறோம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டுக் கிளம்பினோம், நான்தான் காரை ஓட்டினேன். போகிற வழியில் தமிழ்மொழிக்கும் நானே சொன்னேன், இவருக்கு வாய் வரவில்லை. விக்கிரவாண்டி தாண்டினதும் மெதுவாக ஆரம்பித்தார்: "சொல்லிடலாம்னுதான் இருந்தேன் புனிதா. அதுக்குள்ள நாலு பேரு வாழ்த்து போட்டுட்டாங்க. அப்புறம் எப்பிடி..." வாயை மூடிக்கொண்டு வாருங்கள் என்றேன். அடிக்கத் தோன்றியது, நிஜமாகவே. ஆனால் அந்தப் போனை எடுத்தவள் யார், வைத்தவள் யார் என்று எனக்குள்ளேயே ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் மஞ்சள் டீஷர்ட்டில் அஸ்வினி நின்றிருந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. என்னை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். ஐந்தரைக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம், கொடி அசைக்க வந்தவர் தாமதமாக வந்ததால் ஆறரை மணிக்குத்தான் தொடங்கியிருக்கிறது. வெயில். முடித்து மெடல் வாங்கிய கையோடு விழுந்திருக்கிறான். உடம்பு கொதித்துப் போய்க் கிட்னி அடி வாங்கியிருக்கிறது. "ஒன்பது மணிக்கே பாண்டிச்சேரிக்கு அனுப்பியிருக்கணும். கூடப் போகவும் கையெழுத்துப் போடவும் ஆள் வரட்டும்னு காத்துக்கிட்டிருந்தோம். வீட்டுல போனை கட் பண்ணிட்டாங்கன்னு சொன்னாங்க" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

கட்டிலின் தலைமாட்டில் அட்டை தொங்கியது: வேங்கடேசன், 47, ஆண். கீழே சுதாகர் கிடந்தான். கடல் வெயிலில் கறுத்த ஆள், அன்றைக்குச் சாம்பல் நிறத்தில் இருந்தான். உதடு வெடித்திருந்தது. நர்ஸம்மா எங்களைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிட்டார்.

"காலையிலேர்ந்து நாங்களும் பேரு கேட்டுக்கினே கீறோம்மா. சுதாகர், சுதாகர்னே சொன்னாரு. வயசு முப்பத்திமூணுங்கறாரு. ஊரு கடலோரங்கறாரு. அதெல்லாம் இல்ல சார், உங்க பேரு வேங்கடேசன், விழுப்புரம்னு எடுத்து எடுத்துச் சொன்னோம். கூட இருந்து இன்னாருன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல பாருங்க. இப்பதான் கொஞ்சம் தேவலாம்." அவன் பக்கம் குனிந்தார். "சார், உங்க பேரு இன்னா?"

அந்த நேரம் தமிழ்மொழியும் அவள் தம்பியும் ஓடி வந்து கதவருகில் நின்றார்கள்.

சுதாகர் கண்ணைத் திறந்தான். பார்வை எங்கெங்கோ போய் என் வீட்டுக்காரர் மேல் வந்து நின்றது.

"வேங்கடேசன்" என்றான்.

"பாத்தீங்களா, தெளிஞ்சிட்டாரு" என்று நர்ஸம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

தமிழ்மொழி கட்டிலருகில் வந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "யோவ், இன்னாய்யா சொல்ற? உன் பேரைச் சொல்லுய்யா. நான் யாரு தெரியுதா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நாக்கு குழறியது.

"சொல்லிடட்டுமாண்ணே?"

என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முட்டி வலியில் இல்லை. வாய்விட்டு அழுதார். "சொல்லுடா தம்பி, சொல்லுடா" என்று அவர் சொன்னது அழுகையில் யாருக்கும் கேட்கவில்லை. நான்தான் நர்ஸம்மாவிடம் சொன்னேன். "இவன் பேரு சுதாகர். வயசு முப்பத்திமூணு. ஊரு மரக்காணத்துப் பக்கம். இது அவன் பொண்டாட்டி. அவன் காலையிலேர்ந்து சரியாத்தான் சொல்லிக்கினு இருந்திருக்கான்."

பாண்டிச்சேரியில் மூன்றாம் நாள்தான் உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். டயாலிசிஸ் இன்னும் எத்தனை தடவை என்று சொல்ல முடியவில்லை. ஆறு மாசம் கடலுக்குப் போகக்கூடாது. ஓட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. என் வீட்டுக்காரர் முதல் நாளே குரூப்பில் நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டார், ஓட்டம் நடத்தியவர்களுக்கும் எழுதினார். அவர்கள் ரிசல்ட்டிலிருந்து அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். சுதாகர் ஓடிய ஒரு மணி நாற்பத்துநாலு நிமிஷம் இப்போது யார் பேரிலும் இல்லை.

அந்த மூன்றாம் நாள் மத்தியானம் அஸ்வினி பார்க்க வந்தாள். கையில் ஒரு பை. சுதாகரின் ஷூ, அட்டை, மெடல், ஓடுவதற்கு முன்பு அங்கே கொடுத்து வைத்திருந்த போன். தமிழ்மொழி பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். நான் சன்னலோரம் நின்றிருந்தேன்.

"நீதான் போன் பண்ணியாமே கண்ணு. அந்தப் பக்கம் இன்னா சொன்னாங்க?"

அஸ்வினி என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு காப்பியைப் பார்த்தாள்.

"ரிங் போச்சுக்கா. யாரும் எடுக்கல."

அந்தப் பெண்ணுக்கு இருபது வயசு இருக்குமா? என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்கு என்ன தலையெழுத்து? வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அந்தப் பேச்சு அதோடு போயிருக்கும். போகட்டும் என்றுதான் ஒரு நொடி நினைத்தேன். சுவரோரம் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதவரின் ஞாபகம் வந்தது. மூன்று நாளாக அவரை நான் பேசாத பேச்சில்லை.

"இல்ல தமிழ்மொழி. நான் எடுத்தேன்" என்றேன்.

இட்லியைப் பற்றிச் சொன்னதையும், உங்கப்பனைக் கொண்டு போய்ச் சேரு என்றதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அஸ்வினி எழுந்து வெளியே போய்விட்டாள்.

தமிழ்மொழி ரொம்ப நேரம் ஃபிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அது எப்போதோ இறுகிவிட்டது.

"உங்க ஆளு உங்க எதிர்ல இருந்தாருக்கா" என்றாள். "அதனால போன்ல அப்பிடிச் சொல்லிட்டீங்க."