குழந்தை தலையில் அடித்த சத்தியம்

ஐஸ்வர்யா காய்ச்சலில் வாடிய குழந்தையை மடியில் கிடத்தியிருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் நவநீதன். மொரப்பூரிலிருந்து பஸ் ஏறி, தருமபுரியில் இருக்கும் தன் மனநல ஆலோசனை அறைக்கு அதை ஏன் தூக்கி வந்தார்கள் என்று சில்வியாவுக்கு விளங்கவில்லை.

"மருந்து குடுத்தாச்சுங்க மேடம். எறங்கல. நாந்தான் இவர பாப்பா தலைல அடிச்சு சத்தியம் பண்ண வச்சேன், போன்ல இனிமே அந்தப் படம் பாக்க மாட்டேன்னு. மீறிட்டாரான்னு கேட்டுச் சொல்லுங்க. வூட்ல கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு."

போன மாதம் இருவரையும் உட்காரவைத்து சில்வியா நிதானமாகத்தான் சொல்லியிருந்தாள். இந்தப் பழக்கம் ஒரே நாளில் விடாது, இடையில் தவறும், தவறினால் மறைக்காமல் பேசிக்கொள்ளுங்கள், ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் நானும் மறைக்க மாட்டேன் என்று. இருவரும் தலையாட்டினார்கள். தவறும் என்று சொன்னதுதான் ஐஸ்வர்யாவைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் தனக்குத் தெரிந்த பூட்டாக அந்தச் சத்தியத்தைப் போட்டுவிட்டாள்.

அவளைக் குழந்தையோடு வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நவநீதனிடம் கேட்டாள்.

"பாத்துட்டங்க. மறுநாளே பாப்பாவுக்குக் காய்ச்சல்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க."

"தெரியுங்க. நான் லேப்லதான வேல பாக்கறன். ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணதே நாந்தான். டெங்கு இல்ல, டைபாய்டு இல்ல. அப்பவும் பயமா இருக்குதுங்க. அவகிட்ட சொல்லீடாதீங்க."

"நீங்களே சொல்றதுதான் சரி."

"காய்ச்சல் எறங்கட்டுங்க."

"எறங்கினா சொல்வீங்களா?"

அவன் யோசித்தான். "எறங்கிட்டா எதுக்குங்க சொல்லணும்?"

சில்வியா படித்த படிப்பில் உண்மைதான் மருந்து. இங்கே உண்மையைச் சொன்னால், இனி அந்தக் குழந்தைக்கு வரும் ஒவ்வொரு சளிக்கும் இவன்தான் காரணமாவான். பொய் சொன்னால், அது தெரியவரும் நாளில் இருவரும் இந்த வாசல் மிதிக்க மாட்டார்கள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தபோதே கதவு திறந்தது.

ஐஸ்வர்யா எதுவும் கேட்கவில்லை. "கொதிக்குது, தொட்டுப் பாருங்க" என்று குழந்தையை அவன் பக்கம் நீட்டினாள்.

நவநீதன் கையைக் கொண்டுபோனான். நெற்றிக்கு ஒரு விரற்கடை மேலே கை நின்றுவிட்டது. இறங்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. குழந்தை கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தது. ஐஸ்வர்யாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.