முழங்கால் என்று சொன்ன வலி

வேலுசாமியின் மனைவி சந்தனம் நல்லெண்ணெயைச் சூடாக்கி அவன் முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் அவனைத் தொட்டதெல்லாம் பெரும்பாலும் அந்த முழங்காலைத்தான். படுக்கையில் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். தன்னைப் பிடிக்கவில்லையோ என்று கேட்க வாய் வராமல் அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கபடி ஆடுவான் என்றுதான் ராஜபாளையம் மில்லில் அவனைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போட்டியில் ஜெயித்தால் வேலை நிரந்தரம்.

அவன் எழுந்தபோது வேட்டி விலகியது. தொடையிடுக்கிலிருந்து கீழே, கத்தரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

"இது என்னது?"

"கல்யாணத்துக்கு முன்னால, கபடி பாடிப் போயி, எட்டித் தொடக் காலை அகட்டுனேன். சுருக்குன்னு இழுத்திருச்சு."

"பொறவு எதுக்கு முழங்காலுன்னு சொன்னீக?"

"அங்க வலிக்குன்னா கூட ஆடுற ஐயாதுரை விடுவானா? 'புதுமாப்பிள்ளைல்ல, மதினிட்ட லீவு கேளுலே'ம்பான். டீம் பூரா சிரிக்கும். ஒன்னையும் சேத்துத்தான்."

அவள் எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "என்னையப் பிடிக்கலன்னு நெனச்சேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தன் முஷ்டியை அவன் முழங்கால்களுக்கு நடுவே வைத்து நெருக்கச் சொன்னார். அவனால் முடியவில்லை.

"அன்னைக்கே ஐஸ் வச்சு ஓய்வா இருந்தா சில வாரத்துல ஆறியிருக்கும். சதை கிழிஞ்ச காலோட தெனமும் ஓடியிருக்கீங்க. இனிமேயும் ஆடுனா மொத்தமா அத்துப்போகும். பெறகு ஓடறதே கஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை காலை மில் வேன் தெருவில் வந்து நின்றது. வேலுசாமியின் ஆட்டப் பனியனைக் கையில் வைத்துக்கொண்டு ஐயாதுரை இறங்கினான். அவன் வாயைத் திறக்குமுன் சந்தனம் சொன்னாள்.

"அவுகளுக்குத் தொடையிடுக்குல சதை கிழிஞ்சிருக்கு. ஆடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காக."

ஐயாதுரையின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எழுந்தது. அவள் தலைகுனியாமல் நின்றதைப் பார்த்து அடங்கியது.

"வேற ஆளு வேன்லயே இருக்கான் மதினி. ஆடுறவனுக்குத்தான் வேலைன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நான் என்ன செய்ய?"

வீட்டுக்குள்ளிருந்து வந்த வேலுசாமி பனியனை வாங்கி மாட்டிக்கொண்டு வேனை நோக்கி நடந்தான். அவளும் பின்னாலேயே போனாள். வேன் படி உயரமாக இருந்தது. அடிபட்ட வலது கால் எழவில்லை. வேனுக்குள்ளிருந்து யாரோ கையை நீட்டினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றவன் சாய்ந்தபோது, சந்தனம் தெருவே பார்க்க அவன் தொடையை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். கால் அவள் கைகளில் கனத்துக்கொண்டிருந்தது. அவள் அதை மேலேயும் தூக்கவில்லை, கீழேயும் விடவில்லை.