பிளாங்க் கலங்கிய வாரம்

சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டியது கலங்கியிருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் உணவிலும் சத்து மாத்திரைகளிலும் எவ்வளவு வைட்டமின் இருக்கிறது என்று பார்க்கிறோம். டப்பாவின் மேல் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெரும்பாலானவற்றை இயந்திரம் அளந்துவிடும். உணவிலுள்ள ஃபோலிக் அமிலத்துக்கு மட்டும் இன்னும் ஒரு பாக்டீரியாவைத்தான் கேட்கிறோம். ஃபோலிக் அமிலம் இல்லாமல் அதற்கு வளரத் தெரியாது. மற்ற எல்லாச் சத்தும் உள்ள கரைசலில் அதை விட்டு, சோதிக்க வேண்டிய உணவின் சாற்றைத் துளி சேர்த்து, கதகதப்பான பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் காலையில் கரைசல் எவ்வளவு கலங்கியிருக்கிறதோ அவ்வளவு ஃபோலிக் அமிலம். எதுவுமே சேர்க்காமல் ஒரு குழாயும் வைப்போம். அதுதான் பிளாங்க். அதில் பாக்டீரியா பட்டினி கிடக்க வேண்டும், அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும்.

என் பிளாங்கில் அது வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தது. இதோடு இரண்டாவது முறை.

சார் பின்னால் வந்து நின்றார். ஆய்வகத்தின் தலைவர். எதைக் காட்டினாலும் முதலில் "பிளாங்க் எங்கே?" என்றுதான் கேட்பார். அதனால் நாங்கள் அவருக்குத் தெரியாமல் வைத்திருக்கும் பெயர் பூஜ்யம்.

"மறுபடியுமா?"

தலையை ஆட்டினேன். பேச வேண்டிய இடங்களில் எனக்குத் தலைதான் முதலில் வேலை செய்யும்.

"அவ பண்ணப்ப ஒரு நாள் கலங்கினதில்ல. உன் கைக்கு வந்ததும் கலங்குது. நான் என்ன நினைக்கட்டும்?"

அவ என்று அவர் சொன்னது, நான் அக்கா என்று கூப்பிடும் சீனியரை. பல வருடமாக இந்தச் சோதனையைச் செய்து வந்தது அக்காதான். கால் வலிக்கிறது, நிற்க முடியவில்லை என்று சொல்லிப் போன மாதம் எனக்குக் கொடுத்தார்.

"குழந்தைங்க சாப்பிடற மாவு. கம்பெனிக்காரன் தினமும் போன் பண்றான்," என்றார் சார். "காரணம் தெரியாம திரும்ப ஆரம்பிக்கக் கூடாது. கண்டுபிடி. இன்னொரு தடவை கலங்கினா வெளி லேபுக்கு அனுப்பிடுவேன். நீ மறுபடியும் மாவு அரைக்கப் போயிடு."

மாவு அரைக்கும் அறையில் ஒரு வருடம் இருந்திருக்கிறேன். பிஸ்கட், மாத்திரை, ஜெல்லி மிட்டாய் எல்லாவற்றையும் பொடியாக்கிப் புட்டியில் அடைத்து மேலே அனுப்புவேன். அதற்குப் பிறகு அவை என்ன சொல்லின என்று எனக்குத் தெரியாது. இந்தச் சோதனை மட்டும்தான் நான் முதலிலிருந்து கடைசிவரை பார்க்கிற ஒன்று. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வேறு கிருமி எதுவும் இல்லை. எங்கள் பாக்டீரியாதான், கொழுகொழுவென்று. அப்படியென்றால் எங்கிருந்தோ ஃபோலிக் அமிலம் வந்து விழுகிறது. மிகக் கொஞ்சம் போதும். ஒரு மாத்திரையின் தூசு கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தாலே ஒரு குழாய்க்கு விருந்து.

அக்கா தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். வெளிச்சம் பட்டால் வைட்டமின்கள் கெட்டுவிடும் என்பதால் அந்த அறை ஜன்னலெல்லாம் மஞ்சள் தாள் ஒட்டியிருக்கும். உள்ளே போனால் எல்லாருமே காமாலை வந்தவர்கள் போல இருப்போம்.

"என்னடி, பூஜ்யம் ஆடித் தீர்த்துடுச்சா?"

"ஆமாக்கா."

"விடு. பேசினது அவரு, கலங்கினது குழாய். நீ ஏன் சேர்ந்து கலங்கற?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அக்காவுக்குத் தன் நகைச்சுவைக்கு வேறு ஆள் தேவையில்லை.

எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் ஈரப்பஞ்சுக் குச்சிகளை எடுத்துக்கொண்டு சுற்றினேன். தண்ணீர்க் குழாய், மேசை விளிம்பு, சொட்டு அளந்து விடும் பிப்பெட்டின் பிடி, கதவுக் கைப்பிடி, கையுறைப் பெட்டி என்று தொடக்கூடிய ஒவ்வொன்றையும் துடைத்தேன். கொக்கியில் நான்கு வெள்ளைக் கோட்டுகள் தொங்கின. சாருடையது, அக்காவுடையது, என்னுடையது, சாம்பிள் வாங்கி வைக்கும் அண்ணனுடையது. இன்னொருவர் பாக்கெட்டில் கைவிட எனக்கு உரிமையில்லை. ஓரத்தை மட்டும் துடைத்தேன். அதற்கே திருட வந்தவள் மாதிரி கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு பஞ்சையும் ஒரு குழாயில் போட்டு, மற்றக் கிருமிகள் சாக ஆவியில் வைத்து, ஆறியதும் எங்கள் பாக்டீரியாவை விட்டேன்.

காலையில் எல்லாம் தெளிவாக இருந்தன, இரண்டைத் தவிர. கையுறைப் பெட்டிக் குழாய் லேசாகக் கலங்கியிருந்தது. அக்காவின் கோட்டுக் குழாய் பால் ஊற்றியது போல இருந்தது.

பாக்கெட்டில் ஃபோலிக் அமில மாத்திரை. அதை எடுத்த விரல் கையுறைப் பெட்டிக்குள் போயிருக்கிறது. அதே பெட்டியிலிருந்து நானும் கையுறை எடுத்திருக்கிறேன். இதுவரை கணக்கு எளிது. பிறகு மற்றவையும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அக்கா காபி குடிப்பதை விட்டிருந்தார். நெடி அடிக்கும் கரைப்பான்களை நீயே ஊற்று என்று என்னிடம் தள்ளியிருந்தார். கால் வலி. உண்டானவர்களுக்கு டாக்டர் முதலில் எழுதித் தருவதும் இந்த மாத்திரையைத்தான்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருடம். இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் தங்கவில்லை. இரண்டாவது முறை நடந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு வாரம் கழித்து வந்த அக்கா, இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, எதையும் ஓடவிடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுக்கும் அறைக்கு அக்காவைக் கூப்பிட்டேன். காற்று வராத சின்ன அறை. தராசு ஆடக்கூடாது என்று கதவு இறுக்கமாக மூடும்.

"என்னடி, ரகசியமா? கல்யாணமா?"

"அக்கா, உங்க கோட் பாக்கெட்ல மாத்திரை இருக்கா?"

அக்கா சிரிப்பை நிறுத்தவில்லை. ஆனால் அது முகத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

"ரத்தம் கம்மின்னு டாக்டர் கொடுத்தாரு."

நான் அக்காவின் வயிற்றைப் பார்த்தேன். அக்கா தராசு மேசையில் கையை ஊன்றினார். திரையில் கடைசி எண் நிலைகொள்ளாமல் மாறிக்கொண்டே இருந்தது.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் மெதுவாக.

"எனக்கு. அப்புறம் பாக்டீரியாவுக்கு."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. என் தோளில் ஒரு அடி போட்டார்.

"ஊமை மாதிரி இருந்துட்டு எதையெல்லாம் தோண்டற பாரு. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தான்டி தெரியும். மாத்திரையை வீட்ல வெச்சா மாமியார் மோப்பம் பிடிச்சுடுவாங்க. நல்லவங்கதான். பாசம் தாங்காது. அதான் இங்க வெச்சேன். முழுசா முழுங்கவும் வராது எனக்கு. உடைச்சு உடைச்சு, வெளியில போய்ச் சாப்பிடுவேன்."

"மாத்திரை லேப்ல வேலை பார்த்துட்டு..."

"கிண்டலா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போன தடவை ஆசைப்பட்டு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். சொன்ன ஒவ்வொருத்தர்கிட்டயும் திரும்பப் போய், இல்ல, போயிடுச்சுன்னு சொன்னேன். பேங்க்ல இருக்கற பொண்ணு வரைக்கும். அதை இன்னொரு தடவை என்னால முடியாதுடி. அடுத்த வாரம் ஸ்கேன். அது வரைக்கும் யாருக்கும் வேணாம்னு நினைச்சேன்."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"உன் பேர் கெடுதே. வா, பூஜ்யத்துகிட்ட நானே சொல்லிடறேன்."

"வேணாம்க்கா."

"காரணம் கேப்பாருடி."

"காரணத்தைச் சொல்றேன். ஆளைச் சொல்ல மாட்டேன்."

அவ்வளவு நீளமாக நான் பேசி அக்கா கேட்டதில்லை. நானும்தான்.

சாரின் மேசை முன் போய் நின்றேன்.

"கிடைச்சுதா?"

"கையுறைப் பெட்டி சார்."

"பெட்டிக்குள்ள எப்படி வந்தது?"

"மாத்திரை சார். ஃபோலிக் அமிலம். ஒருத்தர் கோட் பாக்கெட்ல இருந்திருக்கு. எடுத்த கையோட கையுறை எடுத்திருக்காங்க."

சார் கண்ணாடியைக் கழற்றினார். காரணம் அவருக்குப் பிடித்திருந்தது என்று தெரிந்தது.

"யார் கோட்?"

தரையைப் பார்த்தேன்.

"கேக்கறேன்ல? யார் கோட்?"

தரை நன்றாகத் துடைக்கப்பட்டிருந்தது.

சாரின் குரல் திடீரென்று இறங்கியது. "உன்னுதா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கொக்கியில் நான்கு கோட்டுகள். ஒன்று அவருடையது. இல்லை என்றால் மிச்சம் இரண்டு. சாம்பிள் அண்ணன் தலைவலிக்கே மாத்திரை போடாதவர் என்று ஊருக்கே தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

"ரத்தம் கம்மியா?"

அதற்கும் தலையாட்டவில்லை. சும்மா நின்றேன். நான் சும்மா நிற்பதில் யாருக்கும் ஆச்சரியம் வராது.

"இதுக்கு எதுக்கும்மா கூச்சம்? ஒல்லியா இருக்கும்போதே நினைச்சேன். ஒழுங்கா சாப்பிடு," என்றார் சார். எழுந்து கதவருகே போய்ச் சத்தமாக உத்தரவு போட்டார். கோட்டுகள் எல்லாம் சலவைக்குப் போக வேண்டும். இருக்கிற கையுறைகளைக் கொட்டிவிட்டுப் புதுப்பெட்டி திறக்க வேண்டும். சொந்த மாத்திரை எதுவானாலும் வெளி அலமாரிக்குள்தான்.

மதியத்துக்குள் விஷயம் பரவிவிட்டது. சாம்பிள் அண்ணன் ஒரு பீட்ரூட்டோடு வந்து என் மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, தினம் ஒண்ணு. பச்சையா கடிச்சுத் தின்னணும். என் பொண்டாட்டி இப்படித்தான் தேறினா. இப்ப என்னையே தூக்கிப் போடுவா."

சார் அந்தப் பக்கம் வந்தவர் பார்த்துவிட்டு அலறினார். "யோவ்! பீட்ரூட்ல இல்லாத ஃபோலிக் அமிலமா? இங்க கொண்டாந்து வெக்கறியே! எடுத்துட்டுப் போய்யா வெளியில!"

அண்ணன் பீட்ரூட்டைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். மஞ்சள் அறைக்குள்ளிருந்து அக்காவின் சிரிப்பு கேட்டது. பிறகு அது நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உன்னைப் போய் நோயாளி ஆக்கிட்டேனே."

"பரவாயில்லக்கா. ஒழுங்கா சாப்பிடச் சொல்றாங்க. கெட்டது ஒண்ணும் சொல்லலையே."

மேசைகளை அலம்பினேன். கண்ணாடிச் சாமான்களை உலையில் சுட்டு எடுத்தேன். புதுப்பெட்டியிலிருந்து கையுறை எடுத்து மூன்றாவது முறையாகச் சோதனையை வைத்தேன். அக்கா அன்று முழுவதும் என் அறைப் பக்கம் வரவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் கதவுக்கு வெளியே நின்று கத்தினார்.

மறுநாள் காலை பிளாங்க் தெளிவாக இருந்தது. பின்னால் பிடித்திருந்த என் விரல் நகம்கூட அதன் வழியாகத் தெரிந்தது. மாவிலும் டப்பாவில் எழுதியிருந்த அளவு இருந்தது. சார் குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ம்," என்றார். அது அவர் தரும் பெரிய பட்டம். "இனிமே இந்த டெஸ்ட் உன்னுது. நீயே கையெழுத்துப் போடு."

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாரத்தை நினைத்தால் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

ஸ்கேன் அன்று அக்கா விடுப்பு. நான் எண்ணிய சொட்டுகளையே மறுபடி எண்ணினேன். போன் வரவில்லை. நானாகக் கேட்கக் கூடாது என்று இருந்தேன். கேட்டால், சொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் நானும் ஒருத்தி ஆகிவிடுவேன். சாம்பிள் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, முகம் வெளுத்திருக்கு? பீட்ரூட் சாப்பிட்டியா இல்லையா?" என்றார்.

மறுநாள் அக்கா தாமதமாக வந்தார். கையைக் கழுவினார். கோட்டை மாட்டினார். என்னைப் பார்க்காமலே பக்கத்தில் வந்து நின்றார்.

"துடிக்குதுடி," என்றார். "குதிரை ஓடற மாதிரி. டாக்டர் சத்தமா வெச்சாங்க."

என் கையில் பிப்பெட் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் கையிலும் கையுறை இல்லை.

"மாமியார்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். அவங்க இன்னும் அழுது முடிக்கல. இப்ப பூஜ்யத்துகிட்ட சொல்லணும். நீயும் வா. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

சார் அறையில் போய் நின்றோம். நாள் முழுக்கப் பேசுகிற அக்கா, "சார்," என்றார். மறுபடியும், "சார்." அதற்கு மேல் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன? மறுபடி கலங்கிடுச்சா?"

"இல்ல சார்," என்றேன். "அக்காவுக்குப் புதுக் கோட் வேணும். பெரிய சைஸ்ல."

சாருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் எழுந்தார். அவருடைய நாற்காலியையே இழுத்து அக்காவின் முன்னால் போட்டார். அக்கா உட்கார்ந்தார். சார் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு அவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்த மாத்திரை..."

நான் தரையைப் பார்த்தேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கதவைத் திறந்து சாம்பிள் அண்ணனைப் பார்த்துக் கத்தினார். "யோவ், போன மாசம் வரைக்கும் இங்க தண்ணி கேனைத் தூக்கி வெச்சது யாரு? நீயா, இவளா?"

"அவங்கதான் சார், நான் கேட்டதுக்கு வேணாம்னு..."

"இனிமே நீ தூக்கு!"

அண்ணன் என்னைக் கைகாட்டினார். "சரி சார், ஆனா தங்கச்சியும் தூக்கக் கூடாது சார். அதுக்கு ரத்தம் கம்மி."

நாற்காலியில் இருந்த அக்கா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.