தந்தேன், ஆனா

துணி வெளுக்கும் கம்பெனியில் அண்ணியும் நாத்தனாரும் ஒரே மேசையில் இஸ்திரி போட்டார்கள். மருத்துவமனை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். அவை காயும்வரை கை சும்மா இருக்கும், வாய் இருக்காது. அப்படித்தான் நாத்தனார் அந்த விளையாட்டைத் தொடங்கினாள். யாராவது ஒரு ஆசையைச் சொல்ல வேண்டும். அவள் வரம் தருவாள், கூடவே ஒரு வில்லங்கமும்.

"இந்த சூப்பர்வைசர் கத்துறது நிக்கணும்," என்றாள் மடிப்புப் போடுகிறவள்.

"தந்தேன். ஆனா பொண்டாட்டியக்கூட அவரால கூப்பிட முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணிக்கும் ஆசை வந்தது. "உங்கண்ணன் லாரிய விட்டுட்டு வீட்டோட இருக்கணும்."

"தந்தேன். ஆனா படுத்த படுக்கையா. புரண்டு படுக்கவும் நீங்கதான் வரணும்."

அண்ணி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். சிரித்துக்கொண்டேதான்.

மறுநாள் சூப்பர்வைசர் வரவில்லை. வாய் கோணிவிட்டது, பேச்சு வரவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார். மடிப்புப் போடுகிறவள் நாத்தனாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேசையை விட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

அண்ணி கணவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். இந்த முறை மணியே அடிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியின் அடியில் விரிப்பு கருகும் வாடை வந்த பிறகுதான் அதைத் தூக்கினாள்.

இருவரும் பாதி நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"சொன்னத திருப்பி வாங்கிக்கோ."

"எப்படி வாங்குறது அண்ணி? வேற வரம் கேளுங்க. வில்லங்கம் இல்லாம தரேன்."

அண்ணி வாயைத் திறந்தாள். பத்திரமாக வரணும் என்று கேட்கலாம். எப்போது? உயிரோடு வரணும் என்றால்? எந்த நிலையில்? எப்படிக் கேட்டாலும் அதில் ஒரு ஓட்டை தெரிந்தது.

"வேண்டாம். நீ வாயே திறக்காத."

நாத்தனார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவள் அண்ணன்தானே அவன்.

வெயில் தாழும் நேரத்தில் கதவு திறந்தது. அவன் சொந்தக் காலில் நடந்து வந்தான். அண்ணி அவன் தோளை, முழங்கையை, இடுப்பைத் தடவிப் பார்த்தாள்.

"என்ன இது, செக்போஸ்ட் மாதிரி? போன்ல சார்ஜ் இல்ல," என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான். "ஓட்டும்போது கண் அசந்துட்டேன். ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில தப்பிச்சாரு. சாவிய ஓனர்கிட்ட குடுத்துட்டேன். இனிமே லாரி வேண்டாம். வீட்டோடதான்."

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் படுக்குறேன்," என்று அவன் எழுந்தான்.

"படுக்காதீங்க."

"ஏன்?"

அண்ணி அவன் கையைப் பிடித்தாள். அவன் விடுவித்துக்கொண்டான். அவன் போய்ப் படுத்தான், படுத்ததும் தூங்கிப்போனான். மரக்கட்டை மாதிரி கிடந்தான். அவள் தலைமாட்டிலும் நாத்தனார் கால்மாட்டிலும் உட்கார்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எழுப்பிப் பார்க்கவும் துணிவில்லை. எழாவிட்டால்?

ஒரு ஈ வந்து அவன் பாதத்தில் உட்கார்ந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஈ விரல்வரை ஊர்ந்தது, திரும்பிக் கணுக்காலுக்கு வந்தது.

அவன் தூக்கத்திலேயே முனகினான். ஒரு காலால் மற்றக் காலைச் சொறிந்துவிட்டு, தானாகவே சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தான்.