அஞ்சுக்கு எத்தனை

பிள்ளை பெற்று ஐந்து மாதமாகியும் கண்டக்டருக்கு இடுப்பு வலி விட்டபாடில்லை. படுக்கையில் புரண்டால் வலி, படியேறினால் உயிர் போனது. எக்ஸ்ரேயோ பளிச்சென்று இருந்தது. மாமியாருக்கு அது போதாதா?

"எல்லாம் நடிப்பு. நாங்கல்லாம் பெத்துக்கலையா? பத்தாம் நாளே துணி துவைச்சேன்."

பஸ்ஸில் நிற்காமல் கவுன்ட்டரில் உட்காரும் வேலை வேண்டுமென்றால், டெப்போவுக்கு பிசியோதெரபிஸ்ட் சீட்டு தர வேண்டும். நாடகத்தை நேரில் பார்க்க மாமியாரும் கூடவே கிளம்பினாள்.

"மல்லாந்து படுங்க," என்றாள் பிசியோதெரபிஸ்ட். "முட்டியை மடக்காம ஒரு காலை ஒரு சாண் தூக்குங்க. எவ்வளவு கஷ்டம்னு நீங்களே மார்க் போடணும். சுலபம்னா பூஜ்யம், முடியவே இல்லன்னா அஞ்சு."

மாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கண்டக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஐந்து மாதமாக நடிக்காமலேயே நடிகைப் பட்டம் வாங்கியவள் அன்றுதான் முதன்முதலாக நடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கி, "பூஜ்யம்," என்றாள்.

பிசியோதெரபிஸ்ட் பேனாவைத் திறக்கவே இல்லை. "ரெண்டு விரல்தான் ஏறியிருக்கு. மூச்சை அடக்கிட்டு, கட்டில் கம்பியைப் பிடிச்சுட்டு, இது பூஜ்யமா? அப்படியே எழுதினா நாளைக்கே பஸ்ல நிக்கணும். உங்க இஷ்டம்."

கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாலு."

பிசியோதெரபிஸ்ட் அவள் இடுப்பை இருபுறமும் இறுக்கிப் பிடித்தாள். இப்போது கால் சொன்ன பேச்சைக் கேட்டு மேலே போனது.

"பாத்தீங்களா, எப்படித் தூக்குறா. நான் சொல்லல?" என்றாள் மாமியார்.

"நீங்களே வந்து பிடிங்கம்மா."

மாமியார் பிடித்தாள், கால் ஏறியது. விட்டாள், தொப்பென்று விழுந்தது. திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட, சொல்லாமல் கொள்ளாமல் நாலு தடவை கையை எடுத்துப் பார்த்தாள். நாலு தடவையும் விழுந்தது.

"எலும்புல கோளாறு இல்ல. அதைச் சேத்துப் பிடிக்கிற பிடிமானம் தளர்ந்திருக்கு. எக்ஸ்ரேல தெரியாது," என்று சொல்லி, சீட்டோடு இடுப்பு பெல்ட் ஒன்றையும் கொடுத்தாள் பிசியோதெரபிஸ்ட்.

மறுநாள் காலை பெல்ட்டைக் காணோம். தேடிக்கொண்டே மாமியாரின் அறைக் கதவைத் தள்ளினாள் கண்டக்டர். மாமியார் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கட்டிலில் மல்லாந்திருந்தாள். ஒரு கால் அந்தரத்தில் நின்றது.

"எத்தனை நாளா இருக்கு அத்தை?"

"உன் புருஷன் பொறந்ததுலேருந்து."

முப்பத்திரண்டு வருஷம். கண்டக்டருக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"மூச்சு விடல."

"அப்ப நடிச்சது நீங்கதான்."

மாமியார் பெல்ட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினாள். பிறகு, வெறும் இடுப்போடு காலைத் தூக்கப் பார்த்தாள். ஒரு விரல்கூட ஏறவில்லை.

"அஞ்சு," என்றாள்.